பெட்டிக்குள் உறங்கும் ராணித் தலை ரூபாய்

சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாட்டுங்காவில் பழைய கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில், உடன்பிறந்தார் மூவர் ஒரு தகரப் பெட்டியைச் சுற்றி அமர்ந்திருந்தனர். அவர்களுடைய பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, தாராவியில் ஒரு தோல் கிடங்கில் கணக்கெழுதியவர். தந்தையார் மாட்டுங்காவில் குடியேறினார். இன்று மூத்தவர் அதே வீட்டில் வசிக்கிறார்; தங்கை செம்பூரில் வாழ்கிறார்; இளையவர் தாராவியில் சிறு கடை நடத்துகிறார். தாயார் மறைந்து ஓராண்டு நிறைவுற்றதால், அவர் விட்டுச் சென்றவற்றைப் பங்கிட்டுக்கொள்ள அன்று கூடியிருந்தனர். அவர்கள் அழைத்ததன் பேரில் நாமும் சென்றிருந்தோம்.

பெட்டியின் அடியில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று இருந்தது. அதனை அவிழ்த்தபோது 24 காசுகள் சமுக்காளத்தில் சிதறின. பெரும்பாலானவை தமிழ் வீடுகளில் ‘ராணித் தலை’ என்று சொல்லப்படும் விக்டோரியா மகாராணியின் வெள்ளி ரூபாய்கள். “வெள்ளிக் கடையில் எடைக்குக் கொடுத்து, வரும் பணத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்வோம்” என்றார் மூத்தவர். தங்கைக்கு மனம் ஒப்பவில்லை. இளையவரோ வேறொரு செய்தி வைத்திருந்தார். காசுகளில் ஒன்றின் படத்தை இணையத்தில் இட்டதாகவும், அது பத்து லட்சம் ரூபாய்க்கு விலை போகும் என்று ஒருவர் தொலைபேசியில் கூறியதாகவும், பதிவுக் கட்டணமாகச் சிறு தொகையை மறுநாள் அனுப்ப வேண்டும் என்றும் சொன்னார்.

எடைக்குப் போடுவது ஒரு வழி. பத்து லட்சத்தை நம்புவது மற்றொரு வழி. இரண்டுக்கும் முன்னர், காசில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்ப்போம் என்று நாம் கேட்டுக்கொண்டோம். அன்று மாலைவரை ஒரு பூதக்கண்ணாடியுடனும் சிறு தராசுடனும் அவர்களோடு படித்தவற்றையே இங்கு எழுதுகிறோம். இத்தகைய முடிச்சு ஒன்று நம் வாசகர்கள் பலரின் வீட்டிலும் இருக்கக்கூடும்.

ஒரு ரூபாய், ஒரு தோலா

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியா முழுவதற்கும் பொதுவான ரூபாய் கிடையாது. சென்னையில் ஆற்காட்டு ரூபாயும் வராகனும் வழங்கின. வங்கத்தில் ஒன்று, பம்பாயில் மற்றொன்று என நாணயங்கள் பலவாக இருந்தன. 1835-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாகக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பரப்பு முழுவதற்கும் ஒரே ரூபாயை வகுத்தது. அதன் எடை 180 கிரெயின், அதாவது ஏறத்தாழ 11.66 கிராம். பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு வெள்ளி, எஞ்சியது செம்பு. ஆகவே ஒரு ரூபாயில் சுமார் 10.69 கிராம் தூய வெள்ளி உண்டு.

180 கிரெயின் என்பதே ஒரு தோலா. நாணயமே எடைக்கல்லாகவும் விளங்கியது. நாட்டு மருந்துக் குறிப்புகளில் ‘ஒரு ரூபாய் எடை’ என்று நம் முன்னோர் எழுதி வைத்தது இந்த ரூபாயை மனத்திற்கொண்டுதான். வீட்டுத் தராசில் அன்று நாம் வைத்த காசுகளிற் பெரும்பாலானவை 11.5 கிராமுக்கும் 11.66 கிராமுக்கும் இடையே நின்றன. அந்தச் சிறு குறைவு, பல தலைமுறைக் கைகள் தேய்த்தெடுத்த வெள்ளி.

முதலிற் கிடைத்த இரண்டு காசுகளில் ராணி இல்லை. அவற்றில் இருந்தவர் நான்காம் வில்லியம் மன்னர், ஆண்டு 1835. பின்புறத்தில் கம்பெனியின் பெயர் ஆங்கிலத்திலும், ‘ஒரு ரூபாய்’ என்பது ஆங்கிலம், பாரசீகம் ஆகிய இரு மொழிகளிலும் பொறிக்கப்பட்டிருந்தன. அடுத்த ஐந்து காசுகள் 1840-ஆம் ஆண்டினவை; இளம் விக்டோரியாவின் முகம் தாங்கியவை. இந்த ஐந்திலும் இரு வகை உண்டு என்பதைத் தங்கைதான் முதலிற் கண்டார். சிலவற்றில் ராணியின் பெயர் தலைக்கு மேலே தொடர்ந்து வளைந்து செல்கிறது. சிலவற்றில் தலையின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. இரண்டிலும் ஆண்டு 1840 தான். ஆனால் தொடர்ந்து செல்லும் எழுத்துடையவை முந்தியவை. பிரிந்து நிற்பவை பிந்தியவை. அச்சில் ஆண்டை மாற்றாமலே கம்பெனி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ரூபாய் அடித்து வந்தது.

லண்டனின் அரிய காசும் மாட்டுங்காப் பெட்டியும்

1840-ஆம் ஆண்டு ரூபாயில் ராணியின் கழுத்து முடியும் இடத்தில், வில்லியம் வையன் என்ற சிற்பியின் பெயர் முதலெழுத்துகள் இரண்டு மிக நுண்ணியவாய்க் காணப்படும். இவர் லண்டன் அரச நாணயச்சாலையின் தலைமைச் செதுக்குநர். பிரிட்டனின் வெள்ளி நாணயங்களைத் தொகுப்போர் பெரிதும் விரும்பித் தேடும் ‘காதிக் கிரவுன்’ என்னும் ஐந்து ஷில்லிங் காசில் உள்ள ராணியின் உருவமும் இவர் கைவண்ணமே. 1847-ஆம் ஆண்டிட்ட அந்தக் காசு 8,000 மட்டுமே அடிக்கப்பட்டது. இன்று அது ஏலக் கூடங்களின் பெருமைக்குரிய பொருள்.

1849-ஆம் ஆண்டின் இரண்டு ஷில்லிங் காசும் தொகுப்போரிடையே புகழ் பெற்றது. ‘இறையருளால்’ என்ற வழக்கமான தொடரை விட்டுவிட்டு அடித்தமையால் அங்கே கண்டனம் எழுந்தது. ‘தெய்வமில்லாக் காசு’ என்ற பட்டப்பெயரும் அதற்கு நிலைத்துவிட்டது. பின்னர் வந்த காசுகளில் அந்தத் தொடர் திரும்பச் சேர்க்கப்பட்டது.

லண்டனிற் கண்ணாடிப் பேழையில் வைத்துக் காக்கப்படும் காசும், மஞ்சள் துணியில் முடிந்து கிடந்த காசும் ஒரே சிற்பியின் உளியிலிருந்து பிறந்தவை. ஆயினும் விலையில் பெரும் வேறுபாடு உண்டு. காதிக் கிரவுன் சில ஆயிரம். 1840 ரூபாயோ கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டது. பழமை மட்டும் அருமையாகாது. எத்தனை அடிக்கப்பட்டன, அவற்றுள் எத்தனை எஞ்சின, எஞ்சியவை எந்த நிலையில் உள்ளன என்ற மூன்றுமே ஒரு காசின் மதிப்பை முடிவு செய்கின்றன.

புள்ளிகளில் ஒளிந்த ஆண்டு

பெட்டியில் எட்டு காசுகள் 1862-ஆம் ஆண்டினவை. 1857 கிளர்ச்சிக்குப் பின் ஆட்சி கம்பெனியிடமிருந்து பிரிட்டிஷ் அரசுக்கு மாறியது. அந்த மாற்றத்தை இந்த ரூபாயிற் காணலாம்: கம்பெனியின் பெயர் மறைந்து ‘இந்தியா’ என்ற சொல் வந்தது, பாரசீக எழுத்தும் நீங்கியது.

எட்டும் ஒன்றே என்று எண்ணி மூத்தவர் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது அவை ஒன்றல்ல. சிலவற்றின் பின்புறத்தில் ஊசிமுனை அளவில் ஒரு புள்ளி. சிலவற்றில் இரண்டு, மூன்று. அவை அழுக்கும் அல்ல, பழுதும் அல்ல. 1862 என்ற ஆண்டை மாற்றாமலே 1874 வரை ரூபாய் அடிக்கப்பட்டது. அக்காலத்தில் எந்த ஆண்டில் அடித்தது என்பதை அறியப் பம்பாய் நாணயச்சாலை இப்புள்ளிகளை அச்சில் இட்டது. புள்ளிகளின் எண்ணிக்கையையும் இடத்தையும் கொண்டு உண்மையான ஆண்டை ஆய்வாளர்கள் கணிக்கின்றனர். ஆக, அந்த எட்டு காசுகளும் பம்பாயிலேயே பிறந்து, பம்பாயிலேயே தங்கிவிட்டவையாக இருக்கலாம். கோட்டைப் பகுதியில் ஷஹீத் பகத் சிங் சாலையில், ரிசர்வ் வங்கிக்கு எதிரே அந்த நாணயச்சாலை இன்றும் இயங்கி வருகிறது. நம் சென்னையின் தங்கசாலைத் தெருவுக்குப் பெயர் தந்த நாணயச்சாலையோ 1869-இல் மூடப்பட்டது.

இந்தப் புள்ளிகள் குறிக்கும் ஆண்டுகள் பம்பாயின் வரலாற்றில் மறக்க முடியாதவை. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தது. அங்கிருந்து பருத்தி வராமற் போகவே, இங்கிலாந்தின் ஆலைகள் இந்தியப் பருத்தியை நாடின. விலை பன்மடங்கு உயர்ந்தது. வெள்ளி பம்பாய்த் துறைமுகத்திற் கொட்டியது; நாணயச்சாலை அதனை ரூபாயாக அடித்துத் தள்ளியது. கையில் பணம் பெருகியவர்கள் பங்குப் பத்திரங்களை வாங்கிக் குவித்தனர். 1865-இல் போர் முடிந்ததும் பருத்தி விலை சரிந்தது, நிறுவனங்கள் வீழ்ந்தன. 1840-இல் தொடங்கப்பெற்ற பம்பாய் வங்கியும் அந்தச் சூறாவளியில் நிலைகுலைந்து 1868-இல் கலைக்கப்பட்டது. அதே ஆண்டில் அதே பெயரில் புதிய வங்கி ஒன்று எழுந்தது. எளிதில் வரும் பணம் எவ்வளவு எளிதிற் போகும் என்பதற்கு அந்தப் புள்ளிகளும் சான்று.

வெள்ளி வீழ்ந்த கதை

அடுத்த ஆறு காசுகளில் விக்டோரியா ‘ராணி’ அல்லர், ‘பேரரசி’. 1877 முதல் அடித்த ரூபாய்களில் இப்பட்டம் காணப்படும். அவற்றில் ஆண்டும் உள்ளபடியே பொறிக்கப்பட்டது. பின்புறத்தின் அடியில் ‘பி’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது பம்பாயின் அடையாளம்.

அக்காலத்தில் எவரும் வெள்ளியைக் கொண்டுசென்று, கட்டணம் செலுத்தி, ரூபாயாக அடித்து வாங்கிவரலாம். ரூபாயின் மதிப்பும் அதிலுள்ள வெள்ளியின் மதிப்பும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. ஆனால் 1870-களில் ஜெர்மனி முதலிய நாடுகள் தங்கத்தை நாணய அடிப்படையாகக் கொண்டபோது, உலகச் சந்தையில் வெள்ளி மலிந்தது. முன்பு ஏறத்தாழ இரண்டு ஷில்லிங் பெற்ற ரூபாய், 1890-களின் தொடக்கத்தில் ஒன்றேகால் ஷில்லிங்கிற்கும் கீழே இறங்கியது. 1893 ஜூன் 26 அன்று பொதுமக்களின் வெள்ளிக்கு நாணயச்சாலைகளின் கதவு அடைக்கப்பட்டது. அன்றுமுதல் ரூபாயின் மதிப்பை வெள்ளி அன்று, அரசின் சொல்லே தாங்கி நின்றது.

இந்த மாற்றத்தின் பின்விளைவு ஒன்றும் பெட்டியில் இருந்தது. மற்றவற்றைவிட அகன்று கனத்த ஒரு காசு. எடை ஏறத்தாழ 27 கிராம். சூலமும் கேடயமும் தாங்கிய பிரிட்டானியா நிற்கிறாள். பின்புறத்தில் சீன எழுத்தும், அரபு வடிவில் மலாய் எழுத்தும். இது பிரிட்டிஷ் வணிக டாலர். கிழக்கு ஆசியத் துறைமுகங்களில் வழங்கிய மெக்சிகோ டாலர் போதாமற் போகவே, 1895 முதல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் இது அடிக்கப்பட்டது. சூலத்தின் நடுமுனையில் மிக நுண்ணிய ‘பி’ இருந்தால் பம்பாயில் அடித்தது. ஹாங்காங், சிங்கப்பூர், பினாங்கு ஆகிய ஊர்களில் வழங்கிய காசு மாட்டுங்காவுக்கு எவ்வாறு வந்தது? “பாட்டியின் தமையன் பினாங்கில் இருந்தவர்” என்றார் தங்கை. அந்த உறவின் எஞ்சிய ஒரே தடயம் அக்காசுதான் என்பது அப்போதுதான் மூவருக்கும் நினைவுக்கு வந்தது. அதனோடு கிடந்த தேய்ந்த பிரிட்டிஷ் அரைக் கிரவுன் ஒன்றின் கதை ஒருவருக்கும் தெரியவில்லை.

இருபத்து நான்காவது காசு

இதுவரை இருபத்து மூன்று. எஞ்சிய ஒன்றுதான் பத்து லட்சம் பெறும் என்று சொல்லப்பட்டது. ஒருபுறம் ராமர் பட்டாபிஷேகம். மறுபுறம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 என்ற ஆண்டும். எடையும் பொருந்தவில்லை, உலோகமும் வெள்ளியன்று, முலாம் பூசியது.

சென்னையில் கம்பெனி அடித்த வராகன்களில் தெய்வ உருவங்கள் இருந்தது உண்மை. ஆனால் அவை சிறிய பொற்காசுகள். ராமர், அனுமன் முதலிய உருவங்களோடு 1818 போன்ற ஆண்டுகளைத் தாங்கி இன்று சந்தையில் உலவும் பெரிய வட்டுகள் அண்மைக் காலத்தில் செய்யப்பட்டவை. கம்பெனி இவற்றை வெளியிட்டதே இல்லை. அரிசியை ஈர்க்கும் காசு, இரிடியம் கலந்த காசு என்றெல்லாம் சொல்லி ஏமாற்றுவோர் கையாள்வதும் பெரும்பாலும் இவற்றையே.

பழைய காசு வாங்குவதாகச் சொல்லி முன்பணம் கேட்பது இன்று பரவியுள்ள மோசடி. ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் காட்டிக் கட்டணம், தரகு, வரி என்று பணம் பறிக்கின்றனர். தான் இத்தகைய வணிகத்தில் ஈடுபடுவதில்லை என்றும், எவருக்கும் அவ்வாறு கட்டணம் வசூலிக்க அதிகாரம் அளிக்கவில்லை என்றும் ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளிப்படையாக எச்சரித்துள்ளது. விற்பவர் பணம் பெற வேண்டியவர். வாங்குபவருக்குப் பணம் அனுப்ப வேண்டியவர் அல்லர். இந்த ஒன்றை நினைவிற்கொண்டாலே பெரும்பாலான வலைகளிலிருந்து தப்பிவிடலாம். இளையவர் மறுநாள் பணம் அனுப்பவில்லை.

காப்பது எப்படி

அன்றைய உரையாடலில் எழுந்த ஐயங்களுக்குரிய விடைகளைச் சுருங்கக் கூறுகிறோம்.

காசைத் துலக்க வேண்டாம். நோன்பு நாட்களில் வெள்ளிப் பாத்திரங்களைப் புளியாலும் திருநீற்றாலும் துலக்குவது நம் வழக்கம். காசைத் துலக்கினால் மேற்பரப்பு தேய்ந்து நுண்ணிய கோடுகள் விழும். தொகுப்போர் அதனை உடனே கண்டுகொள்வர். காலம் படியவிட்ட கருமை, காசுக்குக் குறையன்று. காசுமாலைக்காக வளையம் பற்றவைத்தவையும் தொகுப்போரிடத்தில் விலை குறையும். இப்பெட்டியில் அத்தகையவை நான்கு இருந்தன. வீட்டார்க்கோ அவையே விலைமதிப்பற்றவை. அவை பாட்டியின் மாலையிலிருந்து கழன்றவை.

மும்பையின் மழைக்கால ஈரமும் கடற்காற்றும் வெள்ளிக்குப் பகை. ரப்பர் வளையத்தாற் கட்டினால் அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். மலிவான நெகிழி உறைகள் நாளடைவிற் பசையை உமிழும். நாணயம் தொகுப்போர்க்கென விற்கும் அட்டை உறைகளில் ஒவ்வொன்றாக இட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் வைப்பது நல்லது. காசை விளிம்பிற் பிடிக்க வேண்டும்; முகத்தில் விரல் படலாகாது.

ஐயமுள்ள காசை முதலில் நிறுத்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டினால் வெள்ளியன்று. விளிம்பில் நெருக்கமான கோடுகள் சீராக இருக்க வேண்டும். வார்த்துச் செய்த போலிகளில் எழுத்து மழுங்கியும், சிறு குமிழ்த் துளைகள் தோன்றியும் இருக்கும்.

நூறாண்டு கடந்த நாணயம் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொல்பொருளாகும். தனியார் அதனை வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்வதைச் சட்டம் தடுக்கிறது. அயல்நாட்டில் வாழும் பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுத்தனுப்ப எண்ணுவோர் இதனை மறக்கலாகாது.

பாதுகாப்புப் பெட்டகத்தில் வைப்போர் ஒன்றை அறிதல் வேண்டும். உள்ளே என்ன வைத்தீர்கள் என்பதை வங்கி அறியாது. பொருளுக்குக் காப்பீடும் செய்வதில்லை. தீ, திருட்டு, கட்டடச் சரிவு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால், வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்குவரை என ரிசர்வ் வங்கியின் விதி வரையறுக்கிறது. எனவே ஒவ்வொரு காசின் இரு புறப் படம், எடை, ஆண்டு ஆகியவற்றைப் பட்டியலாக எழுதி வைத்துக்கொள்வது உங்கள் கடமை. நியமனதாரர் பெயரைப் பதிவு செய்தலும் இன்றியமையாதது. பட்டியலில் மற்றொரு பத்தியும் சேர்க்கலாம்: இக்காசு யாரிடமிருந்து வந்தது?

ஒப்பிட்டுக் காண விரும்புவோர்க்கு, கோட்டைப் பகுதியில் ரிசர்வ் வங்கி நடத்தும் நாணய அருங்காட்சியகம் உள்ளது. 2004-இல் அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்துவைத்தது. செம்பூரிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையத்தில் இறங்கினால் நடந்தே செல்லலாம். சென்னை வாசகர்களுக்கு எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயத் தொகுப்பு உண்டு.

பங்கீடு

உண்மையைச் சொல்வதானால், அந்தப் பெட்டியில் பெருஞ்செல்வம் ஏதும் இல்லை. விக்டோரியா ரூபாய்களில் பெரும்பாலானவை இன்றும் பரவலாகக் கிடைப்பவை. தேய்ந்தவை வெள்ளி விலையைவிடச் சற்றுக் கூடுதலாகவே போகும். ஆனால் அவை எக்காலமும் பரவலாகக் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. 1940-இல் அரசு ரூபாயின் வெள்ளியைப் பாதியாகக் குறைத்து, பழைய ராணி ரூபாய்களைத் திரும்பப் பெற்றது; அவற்றுட் பெரும்பகுதி உருக்கப்பட்டது. வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் எஞ்சியவற்றில் ஒரு பகுதி இன்றும் உலையை அடைகிறது. உருகிய காசில் புள்ளியும் இல்லை, ஆண்டும் இல்லை, பினாங்கு மாமாவும் இல்லை.

மாலை விளக்கேற்றும் நேரத்தில் மூவரும் ஒரு முடிவுக்கு வந்தனர். பேரரசிக் காசுகள் ஆறும் ஆளுக்கு இரண்டாயின. எஞ்சியவை தங்கையின் பொறுப்பில், பட்டியலுடன் பெட்டகத்துக்குச் செல்லும். விற்பதானால் மூவரும் ஒப்ப வேண்டும். இளையவரின் கடைக்குப் பணத் தேவை இருந்தது என்பதை அன்றுதான் மற்ற இருவரும் அறிந்தனர். காசுகளை எடைக்குப் போட்டிருந்தால் அவருக்கு எவ்வளவு கிடைத்திருக்குமோ, அந்தத் தொகையைத் தாம் இருவரும் சேர்ந்து தருவதாக மூத்தவர் சொன்னார். ராமர் வட்டைத் தங்கை பூசை அறையில் வைத்தார். அதற்கு அதுவே தக்க இடம்.

நாம் விடைபெறும்போது மூத்தவர் இன்னும் பூதக்கண்ணாடியைக் கீழே வைக்கவில்லை. ஒரு 1862 ரூபாயில் நான்காவது புள்ளி ஒன்று தென்படுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.